நேர்ந்துவிட்ட ஆற்றில் ஒரு கிளாரியா

எவேலியோவின் வீட்டுக்கு அடுத்த கதவு என்னுடையது. நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். இங்கே நான் தும்மினால் அங்கிருந்து அவன் பெண்டாட்டி மிக்தாலியா "ஆயுசு நூறு" என்பாள். இத்தனை வருஷத்தில் எவேலியோ வாய் திறந்து நான் கேட்டது கொஞ்சம்தான். ஊமையில்லை. பேச்சும் ரேஷனில்தான் வரும், பார்த்துச் செலவழி என்று சின்ன வயசில் யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த ரேஷன் கிடையாது. இந்த சோய்லாவின் வாய்க்குப் பயந்து பல குடித்தனங்கள் சேர்ந்த எங்கள் முற்றத்துக்குத்தான் தண்ணீர் லாரிக்காரனே முதலில் வருவான்.

எங்கள் அல்மெந்தாரெஸ் பெரிய ஆறில்லை. ஹவானாவுக்குள் நுழையும்போதே அதற்குப் பாதி உயிர் போய்விடும், மீதியை நாங்கள் எடுத்துவிடுவோம். சோப்பு நுரை, செத்த பூனை, சாமிக்கு விட்ட பூசணிக்காய் எல்லாம் அதில் மிதந்து வரும். முன்பெல்லாம் பியாஹாக்கா என்ற நாட்டு மீன் கிடைத்தது. பொரித்தால் தெருவே மணக்கும். பிறகு கிளாரியா வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஜனங்கள் வயிறு நிறையட்டும் என்று எங்கிருந்தோ கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். ஒரு புயல் வெள்ளத்தில் அது குளத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கிவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதைதான். பியாஹாக்காவைத் தின்றது, தவளையைத் தின்றது, வாத்துக் குஞ்சுகளையும் விடவில்லை. மழை பெய்தால் கரையேறித் தெருவில் நெளிந்து போகும்.

போனுக்கு ரீசார்ஜ் போட்டுப் பிழைக்கிற சாகோ என்கிற வாயாடி ஒருவன் முற்றத்தின் கோடியில் இருக்கிறான். கிளாரியாவைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சொல்வான்:

"பாருங்கடி, அதுக்கு விசா வேணாம், பாஸ்போர்ட் வேணாம். தண்ணி இல்லேன்னாலும் நடந்தே போயிடுது. நம்மாளுங்கதான் லாயக்கில்ல."

எவேலியோ வேலை பார்த்த, பாட்டில் கழுவுகிற ஆலை மூடிய பிறகு அவனுக்கு அந்தக் கிளாரியாதான் சோறு போட்டது. தூண்டில் கம்பெல்லாம் கிடையாது. ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலில் நைலான் நரம்பைச் சுற்றியிருப்பான். ஈயக் குண்டுக்குப் பதில் துருப்பிடித்த ஒரு நட்டு, இரைக்குக் கோழிக்குடல். இரும்புப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து விரல் நுனியில் நரம்பைப் பிடித்திருப்பான். சிக்கியதைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து முற்றத்துக் குழாயடியில் தோலுரிப்பான். சாமானியத்தில் சாகிற மீனில்லை அது. தலையில் அடித்து ஒரு மணி நேரம் கழித்தும் மீசை ஆடும். சதையை நான் வாங்கி, அரைத்து, உருண்டை பிடித்துப் பொரித்து விற்பேன். எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பாள்:

"சோய்லா, இது அந்தச் சாக்கடை கிளாரியா இல்லியே?"

"வாயில போட்டப்புறம் என்னடி விசாரணை? கடல் மீனு. கடல்லேருந்து நடந்து வந்துச்சு."

திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு வாங்குவாள்.

எவேலியோவுக்கும் மிக்தாலியாவுக்கும் ஒரே பிள்ளை, யோவாந்த்ரி. இருபத்தாறு வயசு, எலெக்ட்ரீசியன். கரண்டே இல்லாத ஊரில் எலெக்ட்ரீசியன் என்ன செய்வான்? எல்லோரையும் போல அவனும் கிளம்பினான். நிகராகுவா வரைக்கும் விமானம், அங்கிருந்து காடு, பஸ், நடை. கடைசியில் மெக்சிகோவின் வடக்கு எல்லை, ரியோ பிராவோ ஆறு. அதைத் தாண்டிவிட்டால் அமெரிக்கா. மெக்சிகோவில் கால் வைத்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று மிக்தாலியா என்னையும் எவேலியோவையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள்.

ஆறுகளுக்கெல்லாம் ஓச்சூன் தாயார்தான் சொந்தக்காரி. எங்கள் ஆறும் அவளுடையது, அந்த ஆறும் அவளுடையது. மிக்தாலியா மஞ்சள் பூவும் பூசணிக்காயும் தேனும் கொண்டுவந்திருந்தாள். அந்தத் தாயாருக்கு ஒரு காலத்தில் தேனில் விஷம் வைத்தார்கள் என்பதால், படைக்கிறவர்கள் முதலில் தாங்களே நக்கிக் காட்ட வேண்டும். மிக்தாலியா நக்கினாள். மீதியைத் தண்ணீரில் ஊற்றினாள்.

"தாயே, எம்புள்ள அந்த ஆத்தைத் தாண்டுற வரைக்கும் எங்க வீட்டு ஆளு ஒருத்தரும் உன் தண்ணியிலேருந்து ஒரு மீன எடுக்க மாட்டோம். எடுத்தா நீ என்ன வேணா பண்ணிக்க."

சொல்லிவிட்டு எவேலியோவைப் பார்த்தாள்.

"நீயும் சொல்லு."

"எடுக்க மாட்டேன்" என்றான் எவேலியோ.

எனக்குக் கோபம்தான் வந்தது. உண்ணாமல் இரு, முட்டி போட்டு நட, தலையை மொட்டையடி, வேண்டிக்கொள்ள ஆயிரம் இருக்கிறதே! அடுப்பிலா கை வைப்பது? ஆனால் பிள்ளையை வழியில் விட்டிருக்கும் தாயிடம் யார் வாதாடுவது?

எவேலியோ பாட்டிலை மேலே பரணில் போட்டான். காலி டப்பா பொறுக்கினான், மாடிகளுக்குத் தண்ணீர் சுமந்தான். வீட்டில் சோறு மட்டும்தான், தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. நான் கொடுத்தாலும் அவள் வாங்க மாட்டாள். பிள்ளை எல்லையோர ஊர் ஒன்றில் காத்துக்கிடந்தான். எப்போது கடப்பான் என்று அவனுக்கே தெரியாது. கடப்பதற்கு முன்னால் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே, போனில் நெட் தீர்ந்திருந்தது. சாகோ கடன் கொடுக்கிற ஆளில்லை.

இரண்டு நாள் எவேலியோ ரீசார்ஜுக்கு அலைந்து பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் பரணிலிருந்து பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். பாலத்தடிக்குப் போகாமல் யாரும் வராத மேட்டுப் பக்கம் போய், ஒரே ஒரு கிளாரியா பிடித்தான். அதை நேராகச் சாகோவிடம் கொடுத்து ரீசார்ஜ் போட்டுக்கொண்டான். சாகோ வாயில் எது தங்கும்? மத்தியானத்துக்குள் முற்றத்துக்கே தெரிந்துவிட்டது, மிக்தாலியாவைத் தவிர. அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. எங்களுக்கும் நெஞ்சில் ஈரம் இல்லாமல் இல்லை.

அன்றே பிள்ளை கூப்பிட்டான். அவன் சொன்னதை மிக்தாலியா பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வரி பிசகாமல் சொல்வாள். "அம்மா, இது ஒரு ஆறாம்மா? நம்ம வீட்டு ஆறு இதைவிட அகலம். இடுப்பளவு கூட இருக்காது. அக்கரைக்குப் போய்ட்டுக் கூப்பிடுறேன்."

அக்கரையிலிருந்து அவன் கூப்பிடவில்லை. கூடப்போன பையன் ஒருவன்தான் நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். நடு ஆற்றில் சுழல் இருந்ததாம். உடம்பை அங்கேயே, பேர் தெரியாத ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்களாம். இங்கே கொண்டுவர யாரிடம் இருக்கிறது காசு?

நான் ஓவென்று கத்தினேன். முற்றமே கத்தியது. அவர்கள் இருவரும் கத்தவில்லை. மிக்தாலியா பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியைப் பொறுக்கி முடித்தாள். எவேலியோ நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். ஒரு வாரம் கழித்து எவேலியோ பாட்டிலை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனான். மிக்தாலியா எதுவும் கேட்கவில்லை. நேர்ந்துகொண்டது யாருக்காகவோ அவனே இல்லை என்றான பிறகு மீனாவது, தண்ணீராவது.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் "சோறு", "தண்ணி வந்திருச்சு", "கதவைச் சாத்து" இவ்வளவுதான் கேட்கும். சண்டை போட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மீன் பிடித்தான், உரித்தான், கொடுத்தான். ஒருநாள் கத்தி உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது, அவன் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தான். நான்தான் ஓடிப்போய்த் துணி கட்டினேன்.

"யோவ், வலிக்கலியா?"

"தெரியல."

அப்போது மெல்ல ஆரம்பித்தேன். "எவேலியோ, அன்னிக்கு நீ மீன் பிடிச்சத அவகிட்ட நீயே சொல்லிடு. வேற எவனாவது சொல்லிக் கேட்டா செத்துப்போவா. எதுக்குப் பிடிச்சேன்னும் சேர்த்துச் சொல்லு. புள்ள குரலக் கேக்கத்தானேய்யா பிடிச்ச?"

அவன் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"புள்ள பேசின அந்தப் பேச்சு ஒண்ணுதான் அவகிட்ட மிச்சம் இருக்கு, சோய்லா. அது மீன வித்து வந்ததுன்னு தெரிஞ்சா அதையும் துப்பிடுவா. அப்புறம் அவகிட்ட ஒண்ணும் இருக்காது. என்னைய வேணா வெறுக்கட்டும். அதை விட்டுடு."

அதற்குப் பிறகு என் பயமெல்லாம் சாகோவின் வாய்மீதுதான். பார்க்கும்போதெல்லாம் அவனிடம் சொல்லி வைத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

போன மாதம் ஒரு சாயங்காலம். கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் முற்றத்தில் கிடந்தோம். எவேலியோ குழாயடியில் பெரிய கிளாரியா ஒன்றை உரித்துக்கொண்டிருந்தான். மிக்தாலியா வாசல்படியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ரம் உள்ளே போயிருந்த சாகோ டோமினோ மேசையிலிருந்து சத்தம் போட்டான்.

"அண்ணே எவேலியோ! இதெல்லாம் ஒரு மீனா? அன்னிக்கு ரீசார்ஜுக்குக் குடுத்தியே ஒண்ணு, யோவாந்த்ரி கூப்பிட்ட அன்னிக்கு, அது மாதிரி ஒண்ணு கொண்டாந்தா ஒரு மாச நெட்டு போடுறேன்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மேசையில் காய் வைக்கும் சத்தம் நின்றது. நான் குழாயடியில் இருந்த மீன் கழுவின தண்ணீரை வாளியோடு தூக்கி அவன் தலையில் கொட்டினேன்.

"நாசமாப் போறவனே, உன் நாக்குல புழு வெக்க!"

அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எவேலியோ குனிந்த தலை நிமிரவில்லை. நான் மிக்தாலியாவைப் பார்த்தேன். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து குழாயடிக்கு வந்து, அவனுக்கு எதிரே கவிழ்த்துப்போட்ட இன்னொரு வாளியில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றான் எவேலியோ. "பிடிச்சேன். ஒண்ணுதான்."

காரணத்தைச் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை வரை வந்தது. அவனை நினைத்து விழுங்கினேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மிக்தாலியா.

அவன் நிமிர்ந்தான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் துணி தொவச்சுக்கிட்டிருந்தேன், கையெல்லாம் நுரை. போனை நீதான் என் காதுல வெச்சுப் பிடிச்ச. உன் விரல்ல கிளாரியா வாடை அடிச்சுது."

"கையக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

"தெரியும். சோப்பு வாடையும் சேந்துதான் அடிச்சுது."

எவேலியோ கத்தியைக் கீழே வைத்தான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு, அரிசி விலை சொல்வது மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினாள்.

"வாடை வந்ததுமே விளங்கிடுச்சு, வாக்கு போச்சுன்னு. அவன் லைன்லதான் இருந்தான். 'இன்னிக்கு வேணாண்டா, ரெண்டு நாள் பொறு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பான். நான் சொல்லல. அவன் சிரிச்சுப் பேசிட்டிருந்தான், அதக் கெடுக்க மனசு வரல. 'போய்ட்டு வா கண்ணு, தாயார் பாத்துக்குவா'ன்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். அத நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. அவன் பேசினத மட்டும்தான் சொல்லுவேன்."

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"உன்கூட என்ன சண்ட போடுறது" என்றாள். "மீன நீ பிடிச்ச. அனுப்பி வெச்சவ நான்."

ஆற்றில் சுழல் இருந்தது, அதற்கும் உங்கள் மீனுக்கும் என்னடி சம்பந்தம் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. ஊரையே கூட்டுகிற வாய்தான், அன்றைக்குத் திறக்கவில்லை. அழுகை மட்டும் வந்தது. அவர்கள் இருவருக்கும் அதுவும் வரவில்லை. கரண்ட் வந்து எல்லோரும் உள்ளே போன பிறகும், உரித்ததும் உரிக்காததுமாகக் கிடந்த மீனுக்கு இரண்டு பக்கமும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.