சம்மதம் இல்லாத யெஸ்

ஆங்கிலத்தில் சண்டை போடத் தெரியாத பிள்ளைகளுக்குச் சண்டை போடக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த வருடம் எனக்கு வாய்த்த வேலை. சூலூரைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கலைக் கல்லூரியில், முதலாமாண்டு வணிகவியல் வகுப்புக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என் பொறுப்பு. வாரம் ஒரு 'ஆக்டிவிட்டி' நடத்திப் படம் எடுத்து முதல்வருக்கு அனுப்ப வேண்டும். படத்தில் மாணவர்கள் கை உயர்த்தியிருந்தால் அவருக்கு மனம் நிறைந்துவிடும். பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

துடியலூரிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியைக் குழு விவாதம் வாங்கிவிடும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தலைப்பு கொடுத்து உட்கார வைப்பேன். "யூ ஸ்டார்ட்" என்பான் ஒருவன். "நோ, நோ, யூ ஸ்டார்ட்டுங்க" என்பாள் அடுத்தவள். பந்தியில் ஒருவரை ஒருவர் உபசரிப்பதுபோல அது வட்டம் முழுக்கச் சுற்றி வரும். மணி அடித்துவிடும்.

சரி, நாடகமாக நடத்தலாம் என்று கடைக்காரர், வாடிக்கையாளர் வேடம் கொடுத்தேன். வாங்கிய அயர்ன் பாக்ஸ் வேலை செய்யவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட வேண்டும். வாடிக்கையாளராக நடித்த பையன் போனான். அயர்ன் பாக்ஸ் நாட் வொர்க்கிங் என்றான். கடைக்காரன் சாரி என்றான். "பரவால்லீங்க சார், நான் ஊட்டுல பாத்துக்கறேனுங்க" என்று இவன் அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டான். வகுப்பு கை தட்டியது. எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கரும்பலகையில் 'ஐ யாம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் அக்ரீ' என்று பெரிதாக எழுதி, அழிக்கக் கூடாது என்று பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன். மரியாதையாக மறுக்கும் வாக்கியம். இவர்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. யாரும் அழிக்கவுமில்லை, சொல்லவுமில்லை.

தொலைபேசிப் பயிற்சி வைத்த அன்றுதான் அது நடந்தது. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் போனில் பேசுவதுபோலத் தன் வீட்டுக்கு ஆங்கிலத்தில் வழி சொல்ல, மற்றவர் அதைக் கேட்டு வரைய வேண்டும். நிஜம் போலிருக்கட்டுமே என்று, வகுப்பில் தடை செய்திருந்த போனைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முதல் பெஞ்சுப் பெண்ணின் போன் உண்மையிலேயே அதிர்ந்தது.

"மேம், அப்பாங்க மேம். எடுக்கட்டுங்களா?"

எடுத்துப் பேசினாள். முகம் வெளிறிவிட்டது. அவள் அப்பா விசைத்தறி வைத்து டவல் நெய்பவர். நாக்பூர் வியாபாரி ஒருவர் சரக்கில் குறை என்று கத்துகிறாராம். இங்கிலீஷில் பேசும் கணக்கர் ஆனைமலைக் கோயிலுக்குப் போய்விட்டார்.

"உன் நம்பர அவருக்குக் குடுத்துட்டேன், நீயே பேசிரு கண்ணுன்னு வெச்சுப்போட்டாருங்க. நான் வெளிய போய்க் கட் பண்ணிறட்டுங்களா மேம்?"

"கூடாது. இங்கேயே பேசு. ஸ்பீக்கரில் போடு" என்றேன். வருடம் முழுக்கப் பொய்ச் சண்டைக்கு ஏங்கிய எனக்கு நிஜச் சண்டை கிடைத்த சந்தோஷம்.

வியாபாரி கூப்பிட்டார். டவலில் எண்ணெய்க் கறை, மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புகிறேன் என்றார். "யெஸ் சார்" என்றாள். லாரி வாடகை உங்கள் பொறுப்பு என்றார். "யெஸ் சார்." பணமும் தரமாட்டேன், ஓகேவா என்றார். "ஓகே சார். தேங்க்யூ சார்." வைத்துவிட்டார்.

பின் பெஞ்சுப் பெண் ஒருத்திதான் முதலில் வாய் திறந்தாள். "ஏம்புள்ள, என்ன சொல்லிப்போட்ட நீயி? மொத்தச் சரக்கும் திரும்பி வருது!"

"அவரு பேசறப்ப 'ம்' கொட்டோணும்ல? அதுக்குத்தான் யெஸ் யெஸ்னேன்" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கரும்பலகையைக் காட்டினேன். "இத்தனை நாளா அது அங்க எதுக்கு இருக்கு?" என்று கத்தியது எனக்கே அதிகமாகப் பட்டது. ஆனால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் எழுந்து அவள் பெஞ்சைச் சுற்றி நின்று, தமிழில், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதே கூப்பிடு என்றது ஒரு கட்சி. அப்பாவிடம் சொல்லிவிடு என்றது இன்னொன்று. முதலில் சாரி சொல்லு என்றான் அயர்ன் பாக்ஸ் பையன்.

"யாராவது சாரின்னு சொன்னீங்க, வெளிய அனுப்பிருவேன்!" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள்.

"சார், சா..." வகுப்பே 'உஸ்' என்றது. விழுங்கிக்கொண்டாள். "சார், ஐ செட் யெஸ். தட் யெஸ் இஸ் நாட் யெஸ் சார். தட் யெஸ் இஸ்... ஐ யாம் ஹியரிங்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அப்படியானால் நிஜ யெஸ் எது என்று கேட்டார்.

"நவ் யெஸ் நோ சார். ஒன்லி நோ."

என் இலக்கணம் அங்கேயே செத்தது. அவள் நிறுத்தவில்லை. கறை டவலைத் தனியாக எடுங்கள், போட்டோ அனுப்புங்கள், நல்ல டவல் உங்களுக்கு, லாரி வாடகை ஆளுக்குப் பாதி என்று உடைந்த சொற்களில், ஆனால் ஒன்று விடாமல் சொன்னாள். தன் தம்பியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறி அவர் போனை வைத்தார். வகுப்பு விசிலடித்தது. நானும் கை தட்டினேன்.

அப்போது கதவு திறந்தது. முதல்வர்.

"ஏனுங்க மேடம், இது இங்கிலீஷ் லேப்தானுங்களே? வராண்டா வரைக்கும் தமிழ்ச் சத்தம் கேக்குதுங்க."

நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே, "அதெல்லாம் சரிங்க, இந்த வாரத்துப் போட்டோ எங்கீங்க?" என்றார். எடுக்கவில்லை. எல்லோரையும் இடத்தில் உட்காரச் சொல்லி, கை உயர்த்தச் சொல்லி, அவரே தன் போனில் எடுத்துக்கொண்டு போனார். அழுத கண்ணோடு அந்தப் பெண்ணும் கை உயர்த்தியிருந்தாள்.

கறை பட்ட கட்டு மட்டும்தான் திரும்பி வந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த சில வாரங்கள் நானே கோபக்கார வாடிக்கையாளராக மாறி வகுப்பில் ஒவ்வொருவரையும் போனில் திட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் ஒழுங்காக எழுந்து நின்று "சாரி மேம்" என்றார்கள். போனில் பேசும்போது எழுந்து நிற்க வேண்டாம் என்று சொன்னதற்கும் ஒரு சாரி.

பருவத் தேர்வுக்கு முன் அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"மேம், உங்களாலதானுங்க. எங்கப்பா இப்ப வெளியூர்ப் போனையெல்லாம் எனக்கே மாத்தி உட்டர்றாருங்க. சோறு திங்க உடறதில்ல, படிக்க உடறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேம், புள்ளைக்கு இங்கிலீஷ் சரியா வரலைன்னு."

அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

"அட போங்க மேடம், உங்குளுக்குத் தன்னடக்கமுங்க" என்று அவர் சிரித்தார்.