மூன்று வீட்டுச் சந்தனம்

இரண்டு வாரத்துக்கு முன் என் அக்காள் மகள் மலர் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினாள். பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கும்போது பார்க்க வேண்டிய முப்பத்திரண்டு விஷயங்கள். கைபேசியில் எங்கோ அகப்பட்டதாம். பின்னாலேயே ஒரு குரல் செய்தி.

"மாமா, பூண்டுலோயாவுல ஒரு பைக் இருக்கு. செவப்பு. சனிக்கிழமை போறோம், நீங்களும் வாங்க. அம்மாதான் சொன்னாங்க, மாமாவ கூட்டிட்டுப் போ, அவரு பட்டவருன்னு."

பட்டவர். எங்கள் குடும்பத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு இருக்கும் தகுதி இந்த ஒரு சொல்தான்.

மலர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். பள்ளி விட்டு அவள் பாதைக்கு இறங்குவதற்கும் பஸ் வளைவில் மறைவதற்கும் நடுவில் சரியாக ஒரு நிமிடம் இருக்கிறது. அவளுக்கு ஒரு வண்டி வேண்டும்தான். அது முதுகை வளைத்து, எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட்டுகிற வண்டியாக ஏன் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒருகாலத்தில் அதே வகை வண்டிக்குத்தான் ஆசைப்பட்டேன், அவளுக்கிருக்கும் நியாயத்தில் பாதிகூட இல்லாமல்.

பட்டியல் நல்ல பட்டியல். எழுதியவர் சமதரையில் வாழ்கிறவர் என்பது மட்டும் தெரிந்தது. முதல் விதி: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இதைப் படித்ததும் சூடான எஞ்சின் எண்ணெய் வாசனையும் அதன்மேல் சந்தன வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அந்தக் கலவையை நான் ஒரே ஒரு வண்டியில்தான் முகர்ந்திருக்கிறேன்.

அப்போது நான் ஒரு பத்திரிகையின் ஹட்டன் கிளை அலுவலகத்தில் தற்காலிக நிருபர். கிளை அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல் ஒரு அறை, இரண்டு மேசை, என்னையும் சேர்த்து இரண்டு ஆட்கள். மற்றவர் மனேஜர். குறைவாகப் பேசுவார், நிறையப் பார்ப்பார். கொழும்பிலிருந்து ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "சொந்தமா ஒரு பைக் இருந்தா மாசக் கடைசியில உங்கள நிரந்தரமாக்கலாம். பஸ்ஸுல போய் எடுக்கிற செய்தி நமக்குப் பழசாத்தான் வருது." அவர் கேட்டது ஒரு பைக். எந்தச் சின்ன பைக்கும் போதும். ஜப்பானிலிருந்து வந்த, இருநூற்றைம்பது சீசீ, பச்சை நிற ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டுமென்று முடிவெடுத்தது நான்.

துணைக்கு நண்பன் சிவலிங்கத்தை அழைத்துக்கொண்டேன். அவன் தேயிலை பக்டரியில் ஃபிட்டர். கொழுந்து அரைக்கும் ரோலரின் பேரிங் எப்போது போகும் என்பதை ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துச் சொல்லிவிடுவான். "ரோலர் வேற, பைக் வேற" என்று நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். "சுத்துறது எல்லாம் ஒண்ணுதான் மச்சான்" என்றான்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது, நிருபர் நோட்டில், எண் போட்டு. பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில், தகரச் சீட் போட்ட கொட்டிலின்கீழ் வண்டி நின்றது. உரிமையாளர் யோகராஜா கட்டாரில் வேலை செய்கிறவர், விடுமுறை முடிந்து அந்த வாரமே திரும்பிப் போகிறவர். வண்டிக்குப் பக்கத்தில் பெருமையோடு நின்றார்.

"வாங்க சேர். காலையில இருந்து ரெண்டு தடவ சூடாக்கி வச்சிருக்கேன். இந்தக் குளிருக்கு அடம்பிடிக்கும் பாருங்க, நீங்க வந்து சிரமப்படக் கூடாதுல்ல."

முதல் விதி போயிற்று. விருந்தாளிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காத்திருப்பது போல எஞ்சினைக் கொதிக்க வைத்துக் காத்திருக்கிறார். அந்த மனிதரைச் சந்தேகப்படுவது எப்படி? நோட்டில் "ஸ்டார்ட்: உடனே" என்று எழுதினேன்.

டயரைப் பார்த்தேன். கொழும்பு வண்டியென்றால் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாக இருக்கும். இதில் நடுப்பகுதி புதிது போலவும் இரண்டு ஓரமும் வழுக்கையாகவும் இருந்தன. கேட்டேன். "இந்தப் பக்கம் நேரான ரோடு எங்க சேர் இருக்கு?" என்றார் யோகராஜா. உண்மைதான். விழுந்த வண்டியா என்று பார்க்க கிளட்ச், பிரேக் பிடிகளின் நுனியையும், கால் வைக்கும் கம்பியின் நுனியையும் தடவினேன். இடப்பக்கம் இரண்டும் அரம் போட்டது போல வழவழவென்று இருந்தன. அதற்கு மேலே பிளாஸ்டிக் கவரில் சிறகு விரித்த ஒரு கழுகு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெடிப்பு இருக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது கழுகாகத்தான் தெரிந்தது.

சிவலிங்கம் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கொட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் கண்ணைத் திறந்து, "நல்லா மூச்சு விடுது" என்றான். இதை எந்த எண்ணின்கீழ் எழுதுவது?

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். லயத்திலிருந்து பெரிய பாதைவரை முழுக்க இறக்கம். கீழே போனதும் யோகராஜா ஓடி வந்து, மேலே ஏறும் பாதையில் புதுக் கல் போட்டிருக்கிறது, பழக்கமில்லாதவர் விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லி, அக்கறையோடு வண்டியை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு ஏறினார். "வேகம்: நன்று" என்று எழுதினேன். இறக்கத்தில் வேகமில்லாத வண்டி இந்த உலகத்தில் இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது செசி நம்பர். வண்டியின் உடம்பில், ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில், இரும்பிலேயே குத்தியிருக்கும் எண். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் தேய்ந்தால் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. டோர்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தேன்.

எண் இல்லை. சந்தனம் இருந்தது. ஒரு விரல் கனத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், ஓரங்களில் காய்ந்து வெடித்த மஞ்சள். நகத்தை வைத்தேன்.

"ஐயோ தம்பி, அதுல கை வைக்காதீங்க!"

யோகராஜாவின் மனைவி சாந்தி, பால் விடாத பிளேன்டீக் கோப்பைகளோடு வாசலில் நின்றார். "சாமி வச்ச எடம். வெள்ளிக்கு வெள்ளி நான்தான் வைக்கிறேன். இவரு இந்த வளைவுல எல்லாம் பறந்துட்டு வர்றதுக்கு, இன்னைக்கு வரைக்கும் உசுரோட வீட்டுக்கு வர்றாருன்னா எதனாலன்னு நெனைக்கிறீங்க?"

"பிரேக்கால" என்றான் சிவலிங்கம்.

"நீங்க பேசாம டீயக் குடிங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகத்தை எடுத்துக்கொண்டேன். இப்போது சொல்லப்போவதை என் தொழிலில் இருக்கிற எவருக்கும் இதுவரை சொன்னதில்லை. பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த எண்ணை என் நோட்டில் எழுதினேன். பிறகு நோட்டில் எழுதிய எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்தது. பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் போட்டேன். ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு இரண்டு பேர் உறுதிப்படுத்தினார்கள் என்று எழுதுகிற நிருபரை நானே எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்.

பத்தொன்பது நாள் ஓட்டினேன். ஓடியது என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது கியரில் மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தாலும் ஓடியது. ஒரு தோட்டத்தில் லயத்தின்மேல் மண் சரிந்தபோது மற்றப் பத்திரிகைக்காரர்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்க நான் போய்ச் சேர்ந்தேன். செய்தி முதல் பக்கத்தில் வந்தது. மாதக் கடைசியில் நிரந்தர நியமனக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தில் என் பெயருக்குக் கீழே, "சொந்த மோட்டார் சைக்கிள் உள்ளவர்" என்று ஒரு வரி தட்டச்சு செய்திருந்தார்கள்.

இருபதாம் நாள் வண்டியை என் பெயருக்கு மாற்ற மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். பரிசோதகர் ஒரு சிங்களவர், சாதுவான மனிதர். குனிந்து பார்த்து, "மேக்க மொகத மல்லி?" என்றார். இது என்ன தம்பி என்கிறார். சாமி என்றேன். அவர் மரியாதையாகக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் தொடங்கினார். அது ஒரே பூச்சு அல்ல. மேலே சாந்தி அக்காவின் சந்தனம். அதற்குக் கீழே கறுத்துப்போன வேறொரு குங்குமம். அதற்கும் கீழே கெட்டியான மஞ்சள். பாதை வெட்டும்போது மண் படை படையாகத் தெரியுமே, அப்படி. எல்லாம் போனபின் இரும்பு தெரிந்தது. இரும்பில் எண் தெரிந்தது. அது புத்தகத்தில் இருந்த எண் அல்ல. கிட்டத்தட்ட அதுபோலக்கூட இல்லை.

வண்டி அங்கிருந்தே பொலிஸுக்குப் போனது, விசாரணை முடியும்வரை வைத்திருக்க.

மறுநாள் நானும் சிவலிங்கமும் பொகவந்தலாவைக்குப் போனோம், பஸ்ஸில், சண்டை போடுவதென்றே. யோகராஜா கட்டாருக்குப் போய்விட்டார். சாந்தி அக்கா என்னைவிடக் கோபமாக இருந்தார். "நாங்க வாங்கும்போதே அங்க குங்குமம் இருந்துச்சு தம்பி. சாமி இருக்கிற எடத்த யாரு சொரண்டுவாங்க? பூண்டுலோயாக்காரருதான் வித்தாரு, அவரப் போய்க் கேளுங்க." பிளேன்டீ கொடுத்தார். பூண்டுலோயாக்காரர் ஒரு முதியவர், மகனுக்காக வாங்கி விற்றவர். அவரும் வாங்கும்போதே அங்கே மஞ்சள் இருந்ததாம். அதன்மேல் அவர் மனைவி குங்குமம் வைத்தாராம். நுவரெலியாவில் வாங்கியதாம். பிளேன்டீ கொடுத்தார். நுவரெலியா வீட்டில் வயதான ஒரு அம்மா மட்டும் இருந்தார். விற்ற பேரன் வெளிநாட்டில். அந்த அம்மாவும் பிளேன்டீ கொடுத்தார். "அந்த பைக்கா? நான்தான் மொத மொதல்ல மஞ்சள் வச்சேன். நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று வீடு, மூன்று கோப்பை, மூன்று வகைப் பூச்சு. புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றியவரும் இல்லை, எண்ணைப் பார்த்தவரும் இல்லை. திட்டுவதற்கு ஒரு அயோக்கியன் கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! திரும்பும் பஸ்ஸில் சிவலிங்கம் சொன்னான்: "ஆனா மச்சான், எஞ்சின் நல்லாத்தான் மூச்சு விட்டுச்சு." அவனோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

நியமனக் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரி இப்போது என் கழுத்தில். வண்டி இல்லையென்று தெரிந்தால் வேலை போகும். எனவே நான் செய்த ஏற்பாடு இது: ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம். பஸ்ஸில் ஹெல்மெட்டோடு ஏறி, ஹெல்மெட்டோடு இறங்கி, அதை மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைப்பேன். பொகவந்தலாவை பஸ் கொண்டக்டருக்கு நான் ஒரு தினசரி வேடிக்கை. "சேருக்கு ஒண்ணு, ஹெல்மெட்டுக்கு ஒண்ணு, ரெண்டு டிக்கட்டா?" என்பான். பஸ் குலுங்கும்போது, "போட்டுக்கங்க சேர், இந்த டிரைவருக்கு அது தேவைதான்" என்பான். கொழும்பிலிருந்து ஆசிரியர், "பைக்ல போனா அரை மணிதானே, ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்பார். பாதையில் பனி, பாதையில் மண், பாதையில் மரம் என்று மலையகத்தின் இயற்கை அழிவுகள் முழுவதையும் நான் அவருக்குச் சொல்லித் தீர்த்தேன்.

ஒரு மழை நாளில் சொட்டச் சொட்ட மாடியேறி வந்து ஹெல்மெட்டை மேசையில் வைத்தேன். மனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஒங்க தல நனைஞ்சிருக்கு. ஹெல்மெட் காஞ்சிருக்கு."

அவ்வளவுதான். அவர் மேசை லாச்சியைத் திறந்து பஸ் நேர அட்டவணையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தார். கொழும்புக்கு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிளை மூடப்படும்வரை அந்த வேலை என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை மலரோடு பூண்டுலோயாவுக்குப் போனேன். லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டியிருந்தன. விற்கிற பையனின் வீட்டிலும் பூட்டு. அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். சாவியைச் சந்தியிலுள்ள கடையில் கொடுத்திருந்தான். வீடியோ அழைப்பில் வந்து, "எல்லாம் ஓப்பனா பாருங்கண்ணே, எஞ்சின் மூணு வாரமா குளிர்ந்துதான் கெடக்கு" என்றான். முப்பத்திரண்டு விஷயங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். தடுக்க ஒருவரும் இல்லை, தேநீர் கொடுக்கவும் ஒருவரும் இல்லை. மேட்டில் ஏற்றியும் பார்த்தேன். கழுத்தில் எண் துலக்கிய பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது. இரும்பிலிருந்து நோட்டுக்கு எழுதி, நோட்டிலிருந்து புத்தகத்துக்கு ஒப்பிட்டேன். சரி.

வண்டி இப்போது மலருடையது. என் வண்டி கிடந்த பொலிஸ் வளவைப் போன வருடம் துப்புரவு செய்தார்கள். கொடி ஏறிப் பச்சை வண்டி எது, பச்சைக் கொடி எது என்று தெரியாமல் கிடந்தது, இப்போது அந்த இடத்தில் சீமெந்துத் தரை. புடவைக்கடைக்கு மேலிருந்த அலுவலகம் கைபேசி திருத்தும் இடமாகிவிட்டது. மனேஜர் இல்லை. ஹெல்மெட்டைக் கடைசியில் எந்த பஸ்ஸில் மறந்து வைத்தேன் என்பதும் நினைவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு மலர் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலுக்குப் போனபோது ஒரு சந்தனக் கிண்ணத்தோடு வண்டியின் கழுத்தருகே குனிந்திருந்தாள்.

"ஏம்மா, அங்க வேணாம். கொஞ்சம் தள்ளி, டாங்கில வை."

"டாங்கில வச்சா பெயின்ட் போயிரும் மாமா. எல்லாரும் இங்கதான வைக்கிறாங்க."

விரலை எடுத்தாள். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் காணவில்லை.