பார்டராகிவிட்ட ரோலர் கோஸ்டர்

அப்பாவும் நானும் சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டரில், ஜப்பானின் புகழ்பெற்ற ரோலர் கோஸ்டர் ஒன்றைச் சிமுலேஷன் மென்பொருளில் ரகசியமாகக் கட்டி வருகிறேன். ப்ளஸ் டூவில் கேம் விளையாடினால் படிப்பையே நிறுத்திவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் தறிக்கூடத்திலிருந்து திடீரென்று வந்து பின்னால் நின்றார். திரையில் மேலிருந்து பார்த்த தண்டவாளம் மட்டும் தெரிந்தது.

"ஏஞ்சாமி, புது பார்டரா?"

"ஆமாங்கப்பா."

"கொடியாட்டம் வளைஞ்சு போவுதே! எடப்பாடியில ஒருத்தங்கிட்டயும் இது இல்ல. நாளைக்கே முடிச்சுக் குடு, தறியில ஏத்திரலாம்."

தவறி ஒரு க்ளிக் ஆகியிருந்தால் தண்டவாளத்தில் ரயில் ஓடியிருக்கும். மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கடையில் அந்தச் சேலையைப் பார்த்தால், பார்டரில் ரயில் கிளம்பும் ஸ்டேஷன் எங்கே இருக்கிறதென்று கமெண்டில் சொல்லுங்கள். எங்கப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.