மடிப் புடவைக்குள் மனுக்கள்

மழை நாளில் வீட்டுக்குள் புடவை காயும் வாடை வந்தால் என் கண் இன்றும் வாசலுக்குப் போகும்.

மகாராஜா காலம். அப்பா மைசூர் மக்கள் பிரதிநிதி சபையில் அங்கத்தினர். வரி கொடுக்க மாட்டோம் என்று குடியானவர்கள் கைநாட்டு வைத்த மனுக்கள் எங்கள் வீட்டில் இருந்தன. போலீஸ் கையில் கிடைத்தால் அத்தனை பேருக்கும் ஜெயில். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா அவற்றைக் பூஜைக்கென்று யாரும் தொடாமல் காயவைத்த மடிப் புடவைக்குள் சுற்றி உயரக் கொடியில் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் பெட்டி, அலமாரி, அரிசிப் பானை எல்லாவற்றையும் கவிழ்த்தார். பிறகு லத்தியைக் கொடிக்கு நீட்டினார்.

“அது மடி, சுவாமி. நீங்க தொட்டா இன்னிக்குப் பெருமாளுக்குப் படைக்கத் தளிகை கிடையாது. பாவம் உங்களுக்குத்தான்” என்றாள் அம்மா.

லத்தி அப்படியே நின்றது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டால் தீட்டு என்பது பொய் என்று சபையில் பேசியவர் அவர்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மனுக்களை எடுத்து நீட்டினாள். “இனிமே சபையில மடியைத் திட்டாதீங்கோ.”

“திட்டத்தான் போறேன்” என்றார் அப்பா. மனுக்களை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

தசராவுக்குக் கூடிய சபையில் திட்டினார். அன்று அம்மா மடியோடு தள்ளி நின்று அவருக்குச் சோறு போட்டாள்.

மனுக்களையும் அந்தப் பேச்சின் பிரதியையும் இப்போது அருங்காட்சியகத்தில் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.