வலக்கைப் பக்கம்

மருதம்மாளுக்குப் பாம்பு பயம் கிடையாது, பேய் பயம் கிடையாது. ஆனால், “இனி வீட்லயே வச்சுப் பார்த்துக்குங்கம்மா” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து புருஷனைத் தனியே விட்டுப் போவதை நினைத்தாலே பயம்தான்.

சாமியப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பக்கவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் முடக்கிவிட்டது, பேச்சும் குழறிப்போனது. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். அதற்காக மருதம்மாள் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட முடியுமா? அப்புறம் அடுப்பு எப்படி எரியும்? பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வைத்ததில், காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வந்து பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள கலைமகள் என்ற பெண் சம்மதித்தாள். ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். மருதம்மாள் எட்டரைக்கே கிளம்ப வேண்டும். நடுவில் அந்த அரை மணி நேரம்தான் அவள் உயிரை வாங்கியது.

கலைமகள் வரவேண்டிய முதல் நாள் காலை, அவருடைய போனைப் படுக்கையில் வைத்து, “ஏனுங்க, ஒண்ணுன்னா இந்தப் பட்டனை அமுக்குங்க, ஓடியாந்துருவனுங்க” என்றாள். கதவை வெளித்தாழ் போட்டுவிட்டுப் போனாள்.

செக்கிங் டேபிளில் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் தன் போனைப் பார்த்தாள். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயுங்க அக்கா” என்று சூப்பர்வைசர் முருகவேல் சிரித்தான். போன் அடிக்கவில்லை. அடிக்காத வரைக்கும் நல்லதுதான், ஒன்பதுக்குக் கலைமகள் வந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பத்தரைக்கு அடித்தது. கலைமகள்தான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. மாமியாருக்கு மூச்சுத் திணறிருச்சு, ஆஸ்பத்திரில நிக்கறேன். இன்னைக்கு வர முடியலீங்க.”

அப்படியானால் இரண்டு மணி நேரமாக அவர் தனியாகக் கிடக்கிறார்! ஏன் கூப்பிடவில்லை? கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கிச் சந்துகளில் ஓடினாள். முருகா, முருகா என்று வாய் சொன்னது. பாதி வழியில்தான் அது உறைத்தது. போனை எந்தப் பக்கம் வைத்தாள்? வலப்பக்கம்! முப்பது வருடமாக டீ டம்ளரை அவர் வலக்கைப் பக்கமே வைத்துப் பழகிய புத்தி, செத்த கைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு வந்திருக்கிறது. அட பாவி மனசே!

தாழ்ப்பாளைத் திறக்கும்போது அவளுடைய போன் அடித்தது.

உள்ளே சாமியப்பன் கட்டிலின் விளிம்பில் பாதி உடம்பு சரிந்து கிடந்தார். இடக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, எட்டி எட்டி, இப்போதுதான் அந்தப் பட்டனைத் தொட்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை, மறுகையால், அடித்துக்கொண்டிருந்த தன் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ம... மரு...” போனிலும் கேட்டது, கட்டிலிலும் கேட்டது.

“வந்துட்டனுங்க” என்று போனிலேயே சொல்லி அழுதாள்.