தண்ணீருக்கு நடுங்காத கிடாய்

பூங்கா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராகலையிலிருந்து வரும் பஸ் எங்கள் டவுனுக்குள் திரும்புகிற இடத்தில், பிரதேச சபைக்குச் சொந்தமான ஒரு சரிவு நிலம். உடைந்த ஊஞ்சல் ஒன்று, துருப்பிடித்த சறுக்கு ஒன்று, மிச்சமெல்லாம் புல். பால்மாவுக்கு வரிசையில் நின்ற வருடத்தில், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற பெண்கள் அதன் ஒரு மூலையில் இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். அப்போதிருந்த செயலாளர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். பிறகு ஆடு வந்தது, கோழி வந்தது, முயல் வந்தது. சாணியைப் போட்டு லீக்ஸ், கோவா என்று மரக்கறி நட்டார்கள். முறை வைத்து வேலை செய்தார்கள், முறை வைத்துப் பால் எடுத்தார்கள். பால்மா இல்லாத வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பாலைத்தான் குடித்தன.

நான் டவுனில் உரக்கடையில் வேலை செய்கிறேன். பிறந்தது லயத்தில்தான். மாதா கோயிலுக்குப் போகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால்தான் போன வருடம் சபைக்காரர்கள் மாட்டுக் கொட்டிலில் சிங்களத்தில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனபோது, பண்ணைப் பெண்கள் அதைக் கிழித்துக்கொண்டு நேராக என்னிடம் ஓடிவந்தார்கள். படித்துச் சொன்னேன். சீசனுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், நின்று படம் பிடிக்கப் பூத்தோட்டம் வேண்டுமாம். மிருகங்களை அகற்ற இரண்டு மாதம் தவணை.

ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற பெண் கேட்டாள்: "இதுகள அகத்தச் சொன்னா எங்கக்கா கொண்டு போறது? லயத்து வாசல்ல ஆள் நிக்கவே எடமில்ல."

அவள் கொழுந்தெடுக்கிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய சின்ன மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்தப் பிள்ளை பண்ணைப் பாலில் வளர்ந்தது.

அன்றே தொடங்கினோம். கையெழுத்து வாங்குவதற்கு வீடு வீடாகப் போனால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள் என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கே போனோம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு விரட்டினார்.

"இது வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம். ஒங்க ஆட்டுக் கதைய ரோட்டுல வச்சுக்குங்க."

பின்வரிசையில் இருந்து ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "ஐயா, ஒங்க வீட்டுக்கும்தானே முந்தாநாத்து ரெண்டு போத்தல் பால் போச்சு? அது என்ன ரோட்டுலயா கறந்துச்சு?"

பெரட்டே சிரித்தது. கண்டாக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது அவரும் கையெழுத்துப் போட்டார், பெயர் விளங்காத மாதிரி.

பண்ணையில் ஒரு கருப்புக் கிடாய் இருந்தது. தாய் செத்துப்போனதால் ஆடு பார்க்கிற அந்தப் பெண்ணே குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தது. பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அதன் படத்தைத்தான் பதாகையில் போட்டோம். அதையேதான் சனிக்கிழமை தோறும் பஸ் தரிப்பிடத்தில் கட்டிவைத்துக் கையெழுத்துக் கேட்டோம். அழுக்கு ஆடு என்று சபைக்காரர்கள் சொல்லக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் சுடுதண்ணீர் கலந்து குளிப்பாட்டினோம். முதல் தடவை உடம்பை உலுக்கி எங்கள் எல்லாரையும் நனைத்தது. நாலைந்து வாரத்தில் பழகிவிட்டது. தலையில் வாளியைக் கவிழ்த்தாலும் கல் மாதிரி நிற்கும். ஆனால் நான் கரட் இலையோடு போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு ஓடிவரும்.

சபைக் கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாரும் பண்ணையில் கூடினோம். களைத்துப்போயிருந்தோம். ஏதாவது சொல்லி முடிக்க வேண்டுமே என்று நான்தான் சொன்னேன்:

"செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. இனி அவங்கவங்க சாமிகிட்ட நல்லா வேண்டிக்குங்க."

சொல்லிவிட்டுப் போகிற வழியில் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். வேண்டுவது என்றால் எனக்கு அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. லயத்தில் பிறந்தவள், யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் தூறலில் சபை வாசலில் நின்றோம். கிடாயும் நின்றது. உள்ளே ஒரு சிங்கள உறுப்பினர் எங்களுக்காகப் பேசினாராம். அவருடைய பேரப்பிள்ளைகளும் முயல் பார்க்க வருகிறவர்கள். கடைசியில் ஒரு உத்தியோகத்தர் குடையோடு வெளியே வந்து தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"நோனா, ஒரு வருசம் குடுத்திருக்கு. மாட்டுக் கொட்டில் ரோட்ல இருந்து தள்ளிப் போடணும். வேலி அடிக்கணும். இனி கத்த வேணாம், சரியா?"

நாங்கள் கத்தினோம். அந்தப் பெண் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு பை கரட் இலையோடு பண்ணைக்குப் போனேன். கிடாய் கட்டுகிற முளையில் கயிறு இல்லை. முயலுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சிறுமியிடம் கேட்டேன்.

"முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்குடி?"

"வெட்டத்தான். பண்ணை நெலச்சா தர்றேன்னு ஆட்டுக்கார அக்கா நேந்துக்கிட்டாங்கல்ல."

புல்லைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். இரண்டு மாதமாக எதைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டோமோ அதையா? பூசைக்குப் போட்ட செருப்போடு தேயிலை மலைக்குள் ஏறி ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன்.

கோயில் என்பது மலை உச்சியில் ஒரு மரம், அடியில் ஒரு சூலம். கூட்டம் நின்றது. கிடாய்க்கு மாலை போட்டிருந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். உடம்பை உலுக்கினால்தான் சாமி உத்தரவு. உலுக்காவிட்டால் கத்தியை எடுக்கமாட்டார்கள்.

கிடாய் அசையவில்லை.

இரண்டாம் தரம் தெளித்தார். மூன்றாம் தரம் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினார். கிடாய் நின்றபடி அசைபோட்டது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சனிக்கிழமைக் குளிப்பு! குளிக்க வார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறது. மூச்சு வாங்க ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒரு கிழவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "மனசாரத்தான் நேந்தியா புள்ள?"

அவள் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை.

கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசாரி சொன்னார்: "இன்னிக்கு உத்தரவு இல்ல. அவுத்து விட்டுருங்க. அடுத்த தடவ பாப்போம்."

குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எனக்கு எப்போது அது தெரிந்தது? சந்தோஷத்தில், கூட்டத்துக்கு மேலாக, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கிடாய் திரும்பிப் பார்த்தது. தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கியது. மஞ்சள் தண்ணீர் சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

"உத்தரவு ஆயிருச்சு!"

குலவைச் சத்தம் கிளம்பியது. "வேணாம், வேணாம், அது என்னயப் பாத்துத்தான்" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது? கத்தி வைத்திருந்தவர் கைதேர்ந்தவர். நான் நாலு எட்டு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. கரட் இலைப் பை என் கையிலேயே இருந்தது.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா வாய் ராசிங்க! இவங்க கூப்பிட்டதும் சாமி தலையாட்டிருச்சு" என்று ஒருத்தி கண்ணில் தண்ணீரோடு சொன்னாள். கையை உருவிக்கொண்டேன்.

இறங்கும்போது அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்தேன். கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன்.

"ஒரு கோழிய நேந்துக்கிட்டா ஆகாதா? நீ பால் குடுத்து வளத்ததுடி அது!"

"அதனாலதான்க்கா நேந்தேன்." அவளும் கத்தினாள். "யாருமே சீந்தாத ஒரு கோழிய நீட்டி, எம்புள்ளைக்குப் பாலு குடுன்னு சாமிகிட்ட கேக்கச் சொல்றீங்களா? நீங்கதானே நல்லா வேண்டிக்கச் சொன்னீங்க?"

நான் அவளை விட்டுவிட்டு முன்னால் இறங்கி நடந்தேன். சாயங்காலம் தூக்குச் சட்டியில் என் பங்குக் கறி வீட்டுக்கு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. பிறகு வேலிக்குக் கம்பி வாங்கக் கடைக்கு வந்தாள். அளந்து கொடுத்தேன்.

சபை கொடுத்த ஒரு வருடம் முடியப்போகிறது. மறுபடியும் கையெழுத்து வாங்குகிறோம். பழைய பதாகையையே கொண்டுவந்து கட்டினார்கள், அதே படத்தோடு. வேறு அடிக்க வசதியில்லை. போன வாரம் பண்ணையில் கூடியபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

இப்போது இரண்டு குட்டிகள் இருக்கின்றன. ஒன்று கருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கரட் இலை கொண்டுபோகிறேன். வேலிக்கு மேலாகப் போட்டுவிட்டு நிற்கிறேன். எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெண் கொட்டிலில் இருந்து என்னைப் பார்ப்பாள். கருப்புக் குட்டியைச் சனிக்கிழமை குளிப்பாட்டட்டுமா என்று கேட்டாள். குளிப்பாட்டு, தலையில் வார்த்தாலும் உலுக்காத மாதிரி நன்றாகப் பழக்கு என்றேன்.