வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கிண்ணம் சூப்

பட்டறையில் அவரைத் தூசி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆள் ஊதினால் பறந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் உயரம், அதற்கேற்ற உடம்பு. அடிபட்டு வரும் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது வேலை. பெயிண்டை மெல்லிய வலையில் இரண்டு தடவை வடிகட்டாமல் ஸ்பிரே துப்பாக்கியில் ஊற்ற மாட்டார். அடித்து முடித்த கதவில் கடுகளவு தூசி ஒட்டியிருந்தால்கூடப் போதும், கார்க்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் சரி, தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். முப்பது வருடமாக இதே பிடிவாதம்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுச் சமையலறைக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். சமையல் அவர் மனைவியின் ராஜ்ஜியம். அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்து, வீட்டிலும் வாய் ஓயாமல் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் சமையல் என்று பெரிதாக எதுவும் கிடையாது, சூப்தான். வாரம் முழுக்கக் கூடையில் மிஞ்சிய காய், ஒரு துண்டு வெண்ணெய், நிறைய வெங்காயம், கடைசியில் மிளகு. இரண்டு பேரும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஊதி ஊதிக் குடிப்பார்கள். அவர் உறிஞ்சும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும்.

"கொஞ்சம் மெதுவா குடிங்க. பக்கத்து வீட்டுக்காரர் நாம மோட்டார் போட்டுட்டோம்னு நினைச்சுக்கப் போறார்" என்பாள். பாத்திரத்தின் அடியில் தங்கும் கெட்டியான கடைசிக் கரண்டி மட்டும் எப்போதும் அவருக்குத்தான்.

போன மாதம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. அதைவிட மோசம், விழுங்குவது மறந்துபோனது. மூன்று வாரம் கழித்து மூக்கில் ஒரு குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலும் கஞ்சியும் அந்தக் குழாய் வழியாகத்தான். ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாய், ஒரு ஓரமாகக் கோணி, சும்மா இருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு பரிசோதனை. ஒரு கிண்ணம் சூப்பை, புரையேறாமல், அரை மணி நேரத்துக்குள் வாயால் சாப்பிட்டுவிட்டால் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம். முடியாவிட்டால் வயிற்றில் துளை போட்டு அங்கே ஒரு குழாய். அதற்கப்புறம் எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துளை என்ற வார்த்தையைக் கேட்டதும் கட்டிலில் படுத்திருந்தவள் இடது கையால் புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

விழுங்கப் பழக்க ஒரு அம்மாள் வீட்டுக்கே வருவார். காதில் பேனா செருகியிருப்பார், அதட்டலாகப் பேசுவார். ஒத்தாசைக்கு வந்திருந்த மச்சினி அவருக்கு முதல் நாளே டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டாள். சனிக்கிழமை வந்த டீச்சர், சூப் எப்படி இருக்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னார். அதில் முதலில் சொன்னது, "திப்பி ஒண்ணுகூட இருக்கக் கூடாது" என்பது. அதைக் கேட்டதுமே தூசி அண்ணனுக்குப் பாதி உயிர் வந்தது. திப்பி இல்லாமல் வடிப்பதா? அதைத்தானே முப்பது வருடமாகச் செய்கிறோம்! அப்புறம் டீச்சர் சொன்ன எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. தெரிந்த விஷயம் என்று நினைத்த இடத்தில் மனிதன் காதை மூடிக்கொள்வது உலக வழக்கம்தான். ஆனால் அதற்கு இவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்தார். கேரட், உருளைக்கிழங்கு, கோழி எலும்பு, வெங்காயம். இரண்டு மணி நேரம் கொதித்தது. புதுத் துணி வாங்கி வந்து மூன்று தடவை வடிகட்டினார். கடைசியில் கிடைத்ததைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேயிலைத் தண்ணீர் நிறத்தில், அடி வரைக்கும் தெளிவாக, ஒரு தூசி கிடையாது.

"அத்தான், இதை வண்டிக்கு அடிக்கப் போறீங்களா, அக்காவுக்குக் கொடுக்கப் போறீங்களா?" என்றாள் மச்சினி.

மனைவியைத் தலையணை வைத்து உட்காரவைத்து, முதல் ஸ்பூனைக் கொடுத்தார். வாய்க்குள் போனதுதான் தெரியும். அடுத்த நொடி இருமல். நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற இருமல். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சு உள்ளே போகாமல் ஒரு விசில் சத்தம். மச்சினி ஓடிவந்து அவளை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். அவர் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றார். இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அடங்கிய பிறகு அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். பயம் இருந்தது.

திங்கட்கிழமை டீச்சர் வந்து விட்டாரே பார்க்கலாம், ஒரு டோஸ்.

"நான் என்ன சொன்னேன்? திப்பி இருக்கக் கூடாது, ஆனா கெட்டியா இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? தண்ணியா இருந்தா நாக்குல நிக்காம ஓடிடும் சார். தொண்டை மூடுறதுக்குள்ள மூச்சுக்குழாய்ல போயிடும். அவங்களுக்கு நேரம் வேணும். மெதுவா இறங்கணும்."

"எவ்வளவு கெட்டியா?" என்றார், தலையைக் குனிந்தபடி.

"தேன் மாதிரி."

"எந்தத் தேனும்மா? வெயில்ல ஒரு மாதிரி ஓடும், குளிர்ல ஒரு மாதிரி ஓடும்."

டீச்சர் காதிலிருந்த பேனாவை எடுத்துவிட்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி. தம்ளர் தண்ணீரில் அளந்து போட்டுக் கலக்கி, "இதோ, இப்படி" என்று காட்டினார். அதையே சாப்பிடக் கொடுக்கலாம்தான். ஆனால் ஒரு ஸ்பூன் வைத்ததும் அவள் நாக்காலேயே வெளியே தள்ளிவிட்டாள். அவர் நக்கிப் பார்த்தார், வாயில் பசை தடவினதுபோல்தான் இருந்தது.

டீச்சர் போனதும் தூசி அண்ணன் டிரில் மெஷினை எடுத்தார். பட்டறையில் பெயிண்டின் பதம் பார்க்க ஒரு சின்னக் கோப்பை உண்டு, அடியில் ஓர் ஓட்டை இருக்கும். முக்கித் தூக்கினால் பெயிண்ட் கம்பியாக இறங்கும். அது அறுபட எத்தனை நொடி என்று எண்ணுவார்கள். அதுதான் கணக்கு, கண் பார்வையை யாரும் நம்புவதில்லை. வீட்டில் அதற்கு எங்கே போவது? அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து அடியில் துளை போட்டார்.

"ஐயோ, அக்காவோட நல்ல தம்ளர்! குடும்பத்துல ஒரு ஆளாவது சுயபுத்தியோட இருக்கணுமில்ல அத்தான்!" என்று மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள்.

டீச்சர் கலக்கிவைத்த தண்ணீரை அதில் ஊற்றி எண்ணினார். இருபத்துநான்கு நொடி. மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் அதே இருபத்துநான்கு. அப்பாடா என்று மூச்சு விட்டார். இனி பூதமானாலும் அதற்கு ஒரு எண் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சூப் பதினொரு நொடியில் ஓடியது. இன்னும் ஒரு உருளைக்கிழங்கு சேர்த்தார், ஓட்டையில் சிக்கிக்கொண்டு இறங்கவே இல்லை. சூடாக இருக்கும்போது சரியாக இருந்தது ஆறினதும் கூழாகிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் போனது, அவள் வாயில் ஒரு ஸ்பூன்கூடப் போகவில்லை. சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, அம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை பூசணிக்காய் வாங்கி வந்தார். வெண்ணெய் உருகியதும் வெங்காயத்தைப் போட்டு, அவசரப்படாமல், நிறம் மாறாமல், கண்ணாடிபோல ஆகும்வரை கிளறிக்கொண்டே நின்றார். பூண்டு இரண்டு பல். பூசணித் துண்டுகள். எலும்பு வேகவைத்த தண்ணீர். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. வீடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை வாசனை. வேலையாகக் கிளறிக்கொண்டிருந்த கை, எப்போது என்று தெரியாமல், ஆசையாகக் கிளற ஆரம்பித்திருந்தது. அரைத்து, சல்லடையில் தேய்த்து, குடிக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, தம்ளரில் ஊற்றினார். இருபத்துமூன்று. இன்னொரு கொதி. இருபத்துநான்கு!

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். இனிப்பு, பின்னாலேயே மிளகின் காரம், வெண்ணெய் அண்ணத்தில் வழுக்கிக்கொண்டு போனது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு. அடுப்படியிலேயே நின்று ஒரு கிண்ணம் முழுக்க, மோட்டார் சத்தத்தோடு குடித்துத் தீர்த்தார். இது இவ்வளவு சுகமான வேலை என்று கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் தெரியாமல் போனதே என்று நினைத்தார். அடுத்த அறையில் குழாயோடு படுத்திருப்பவள் நினைவு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. திருடித் தின்றவன்போல் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

அன்று அவள் நாலு ஸ்பூன் விழுங்கினாள். புரையேறவில்லை. வியாழக்கிழமை ஆறு. ஏழாவதற்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணும்மா", "இதுதான் கடைசி", "எனக்காக" என்று எல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் கை நடுங்கி ஸ்பூன் அவள் பல்லில் கடகடவென்று இடித்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு கிண்ணம் என்றால் முப்பது ஸ்பூன். ஆறு எங்கே, முப்பது எங்கே? அன்றைக்கு அவர் உப்பைக் குறைத்தார், மிளகைக் கூட்டினார், கேரட் சேர்த்தார், எடுத்தார். குற்றம் சூப்பில்தான் இருக்கிறது என்று சத்தியமாக நம்பினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். கையில் கடிகாரம், மடியில் டாக்டருக்குப் போகவேண்டிய காகிதம். சூப் இருபத்துநான்கு நொடி. கட்டிலின் ஓரத்தில் அவர் உட்கார்ந்தார். மச்சினி கதவோரம் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று. தொண்டை ஏறி இறங்கியது. இரண்டு. மூன்று. அவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். அவளோடு சேர்ந்து அவரும் வாயைத் திறந்தார், அவளோடு சேர்ந்து விழுங்கினார். ஐந்தாவது தாடையில் வழிந்தது. துடைத்தார். ஆறு. ஏழாவதற்கு வாய் மூடிக்கொண்டது.

"ஒரே ஒரு வாய்ம்மா. இல்லேன்னா வயித்துல…" ஸ்பூன் அவள் உதட்டில் தந்தி அடித்தது.

பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. டீச்சர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

அவள் இடது கையைத் தூக்கி அவர் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தாள். ஸ்பூன் பறந்துபோய்த் தரையில் விழுந்தது. தொண்டையிலிருந்து ஏதோ முண்டிக்கொண்டு வந்தது. வாய் கோணியது, எச்சில் தெறித்தது, ஒரு மாதமாகக் கேட்காத குரல் கரகரத்துக்கொண்டு வெளியே வந்தது.

"த… தள்ளு!"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, இடது கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்தாள்.

டீச்சர் வேறொரு ஸ்பூனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கிண்ணத்தை மடியில், துண்டின் மேல் வைத்தார். பழக்கமில்லாத கை. முதல் ஸ்பூன் பாதி துண்டில் கொட்டியது. மீதியை வாயில் வைத்து, கண்ணை மூடி, தன் நேரத்துக்கு விழுங்கினாள். அடுத்ததற்கு அவளாகவே கையை இறக்கினாள்.

"சிந்தும், கையைப் பிடிச்சுக்கறேன்" என்று அவர் எழுந்து வந்தார்.

"சார்" என்றார் டீச்சர். இந்தத் தடவை அதட்டல் இல்லை. "உங்க முகத்தைப் பார்த்தாலே அவங்களுக்குப் பயமா இருக்கு. நானே இன்னிக்குத்தான் கவனிச்சேன். நீங்க கொஞ்சம் சமையலறையில போய் இருங்க."

அவர் போனார். வாழ்க்கையில் இவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று தோன்றியது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். ஆறு நாளாக எதை எதையோ வடிகட்டினோமே, நம் பயத்தையல்லவா ஸ்பூன் ஸ்பூனாக அவளுக்கு ஊட்டியிருக்கிறோம் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுவிடுமே என்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு இருமல்.

அவருக்கு ஒரு கால் தானாக வாசற்படிவரை போய்விட்டது. இரண்டாவது இருமல் வரவில்லை. ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் மறுபடி கேட்டது. மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு. அப்புறம் அடியைச் சுரண்டும் சத்தம்.

"இருபத்தாறு நிமிஷம். கிண்ணம் காலி" என்றது டீச்சரின் குரல். "குழாயை நாளைக்கே எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "அத்தான், வாங்க! அக்கா இன்னும் வேணும்னு கிண்ணத்தை நீட்டறா!"

அவர் பாத்திரத்திலிருந்ததை வழித்து இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி மச்சினி கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டு போ" என்றார். "நான் வந்தா நிறுத்திடுவா."